கல்வெட்டு முத்துப் பதிவும் சி மொழியின் கட்டுருவும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரம் அமைந்துள்ள கடற்கரை, கொற்கை துறைமுகமாக விளங்கிய காலந்தொட்டு முத்துக்குளித்தலால் அறியப்பட்டதாகும். முத்தை மதிப்பிட எண்ணிக்கை மட்டும் போதாது. வகை, நிறை, விலை ஆகியனவும் சேர்ந்தே நிற்றல் வேண்டும். இவ்வாறு வெவ்வேறு இனத் தரவுகளை ஒரு பெயரின்கீழ்த் தொகுப்பதே சி நிரல்மொழியின் ‘கட்டுரு’ ஆகும். அதன் தோற்றத்தையும் பயன்பாட்டையும் முத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தஞ்சைக் கல்வெட்டுகளின் பதிவுமுறை

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களை ஓர் ஒழுங்குடன் பதிவு செய்கின்றன. அணிகலனின் பெயர், பொன்னின் நிறை, முத்துகளின் எண்ணிக்கை, அவற்றின் வகை, மொத்த நிறை, காசில் விலை ஆகியன அவற்றில் இடம்பெறுகின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என முத்துவகைகள் பிரித்துரைக்கப்படுகின்றன. நிறை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என மூன்று நிலைகளில் அமையும். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் மணிகள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது. எதனால் அளந்தது என்று கூறப்படாத எண் பொருளற்றது என்பதை எழுதியோர் உணர்ந்திருந்தனர்.

கட்டுருவின் தோற்றம்

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் உருவாக்கிய ‘பி’ மொழியில் தரவினம் ஒன்றே. அதிலிருந்து டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்தார். 1972இல், கட்டுரு சேர்க்கப்படுவதற்கு முன், யுனிக்ஸ் இயக்குதளத்தைச் சி மொழியில் எழுத முயன்ற தாம்சன் அம்முயற்சியைக் கைவிட்டார். கட்டுரு சேர்க்கப்பட்டபின், 1973இல் யுனிக்ஸின் கருப்பகுதி சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. எனினும் கருத்து புதியதன்று. கோபால், அல்கால் 68 ஆகிய மொழிகளில் அது முன்னரே இருந்தது.

வரையறையும் பயன்பாடும்

‘ஸ்ட்ரக்ட்’ என்னும் திறவுச்சொல்லை அடுத்துக் கட்டுருவின் பெயரும், நெளிவு அடைப்புக்குள் உறுப்புகளும் எழுதப்படும். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி ஆகிய மூன்று முழுஎண்களை ‘நிறை’ என்னும் கட்டுருவாக வரையறுக்கலாம். வகை, எண்ணிக்கை, விலை ஆகியவற்றோடு அந்நிறையையும் உறுப்பாகக் கொண்டு ‘முத்து’ என்னும் கட்டுரு அமையும். வரையறை நினைவகத்தில் இடம் கொள்வதில்லை. அவ்வகை மாறி அறிவிக்கப்படும்போதே இடம் ஒதுக்கப்படும். உறுப்பைப் புள்ளிக்குறியாலும், சுட்டின்வழி அம்புக்குறியாலும் அணுகலாம். 1978இல் வெளிவந்த கெர்னிகன்–ரிட்சி நூலின்படி கட்டுருவை முழுமையாக மற்றொன்றுக்கு மதிப்பிருத்த இயலாது. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரப்பாடு அதனை ஏற்றது.

முடிவுரை

இவ்வொப்பீடு சோழர் காலத்தில் நிரலாக்கம் இருந்தது என நிறுவுவதற்கன்று. கல்வெட்டில் பதிவின் வடிவம் எழுதுவோரின் மரபில் உறைந்திருந்தது. சி மொழியோ அவ்வடிவத்தைத் தனியே அறிவிக்கச் செய்து, தரவினத்தைத் தொகுப்பி சரிபார்க்க வழிவகுத்தது. ஆயினும் அளவையின் பொருளைத் தொகுப்பி அறியாது. மஞ்சாடி என்னும் உறுப்பில் 25 என இட்டாலும் அது தடுக்காது. கணக்கறிந்தவரோ அதை ஒரு கழஞ்சு 5 மஞ்சாடி என்றே எழுதுவார். வடிவத்தைக் கட்டுரு காக்கும். பொருளைக் காப்பது இன்றும் நிரலரின் பொறுப்பேயாகும்.