அரக்குத் தட்டில் ஒரு பியானோ

பழைய இசைத்தட்டுகளின்பால் எமக்குள்ள பித்தை எம் இல்லத்தார் நன்கறிவர். அதிலும் ஜாஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையென்றால் உணவு ஆறிப்போவதையும் பொருட்படுத்தோம். கல்கத்தாவில் வாழும் தமிழருக்கு இதனோடு என்ன உறவு என நண்பர் பலர் வினவியதுண்டு. அவர்கட்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

உறவு தட்டிலிருந்தே தொடங்குகின்றது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அப்பழந்தட்டுகள் அரக்கைக் கொண்டு செய்யப்பெற்றவை. பலாச மரத்திலும் இலந்தையிலும் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளிலும் நமக்கு அண்மையிலுள்ள புரூலியாவிலும் ஏழை மக்கள் சுரண்டித் திரட்டிய அப்பிசின், கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறிற்று. அங்கே கல்மாவும் கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தப்பட்டுத் தட்டாயிற்று. 1942-இல் போரினால் அரக்கு அருகவே, இசைத்தட்டு செய்வோர் பயன்படுத்தும் அளவை அமெரிக்க அரசு 70 விழுக்காடு குறைத்துவிட்டது. மக்களிடமிருந்து பழைய தட்டுகளைத் திரட்டி, அரைத்துப் புதியன வார்த்தனர். அங்ஙனம் பொடியானவற்றுள் எத்தனை நல்லிசை மாண்டதோ!

மாளாமல் தப்பியவற்றுள் ஒன்று, 1926 மே 28 அன்று சிகாகோவில் பதிவானது. வெண்டோம் என்ற அரங்கில் ஊமைப்படங்களுக்கு இசைத்து வந்த எர்ஸ்கின் டேட் குழுவினர் அன்று ஒரு தட்டின் இரு பக்கங்களை நிரப்பினர். ஊதுகுழலில் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோவில் டெடி வெதர்போர்டு என்னும் 22 வயது இளைஞர். பிற்கால நெடுந்தட்டு ஒன்றின் மறுபதிப்பில்தான் யாம் இதனைக் கேட்டோம். குழு முழுதும் ஓய்ந்து பியானோ தனித்து எழும் இடம் ஒன்றுண்டு. இடக்கை தாளத்தை விடாது நடத்த, வலக்கை அதன்மேல் மழையெனப் பொழிகின்றது. நம் வித்துவான்களின் மனோதர்மத்தில் பழகிய செவிக்கு அவ்விடத்தில் விளக்கம் வேண்டுவதில்லை. அத்தனையும் மூன்று நிமிடத்துள் அடங்கிவிடும். ஒரு பக்கத்தில் அதற்குமேல் இடமில்லை. ஆகவே எவரும் வீண்பேச்சுப் பேசுவதில்லை. மேடைகளில் நம்மவரும் இதனைக் கைக்கொள்ளலாம்!

அவ்வாண்டிலேயே வெதர்போர்டு கீழ்த்திசைக்குப் புறப்பட்டார். இடையில் தாயகம் சென்று வந்தாரேனும், எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி ஷாங்காயிலும் பம்பாயிலும் இறுதியாக நம் கல்கத்தாவிலும் கழிந்தது. போர்க்காலத்தில் சௌரங்கியிலுள்ள கிராண்டு ஹோட்டலில் அவர் குழு இசைத்தது. கோவாவினரும் ஆங்கிலோ இந்தியரும் அதில் இருந்தனர். இங்கேயே கொலம்பியா முத்திரையில் தட்டுகளும் பதிந்தார். கிராமபோன் கம்பெனியின் ஆலை 1928 முதல் டம்டமில் இயங்கி வந்ததன்றோ? அரக்கு கடல் கடவாமலே ஜாஸ் ஆயிற்று. 1945 ஏப்ரல் 25 அன்று வாந்திபேதி அவரைக் கொண்டு சென்றது. அகவை 41. ஆம்ஸ்ட்ராங்கை உலகம் அறியும். அவருடன் ஒரே அறையில் வாசித்த இவரை, இவர் மாண்ட ஊரிலேயே அறிவார் சிலரே. பிழைக்க வந்த ஊரில் பெயரின்றி மறைதல் யாது என்பதை நம் காலனிக் குடும்பங்கட்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

அவருடைய கல்கத்தாத் தட்டு ஒன்று, ஃப்ரீ ஸ்கூல் தெருப் பழங்கடையில் எமக்குக் கிட்டிற்று. பின்னர் வாடகை வீடு மாறியபோது, பாத்திரக் கூடையின் அடியில் அகப்பட்டு விளிம்பில் கீறல் விழுந்துவிட்டது. கீறல் முதல் வரிகளோடு நின்றது எம் நற்பேறு. ஞாயிறு மாலைகளில் பெட்டிக்குச் சாவி கொடுத்து, புது ஊசி பொருத்தி வைக்கின்றோம். தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு முறை ‘டக், டக்’ என்று கேட்கும். அதனைப் பொறுத்துக்கொண்டால், அப்பால் பியானோ தெளிவாகவே இருக்கின்றது.