சாம்பல் சந்தை உழவு இயந்திரம்

சாம்பல் சந்தை உழவு இயந்திரம் என்பது ஜப்பான் நாட்டின் உள்நாட்டுப் பயன்பாட்டிற்காக உருவாக்கப்பட்டு, அங்கு சில காலம் உழைத்த பின், உற்பத்தியாளரின் அதிகாரபூர்வ விற்பனை வழியைச் சாராமல் பிற நாடுகளுக்கு இறக்குமதி செய்யப்படும் சிறு டிராக்டரைக் குறிக்கும். யன்மார், கூபோட்டா, இசேக்கி, மிட்சுபிசி, ஷிபாவுரா, ஹினோமோட்டோ ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட வணிகப் பெயர்கள். இவற்றுள் பெரும்பாலானவை சுமார் 13 முதல் 30 குதிரைத்திறன் கொண்ட டீசல் பொறிகள் பொருத்தப்பட்டவை. ஐக்கிய அமெரிக்காவில் சில ஏக்கர் நிலம் வைத்திருப்போரிடையே, குறைந்த விலை காரணமாக இவை இடம்பிடித்தன. எனினும் பாதுகாப்பு அமைப்புகள், உதிரிப் பாகங்கள், உற்பத்தியாளரின் ஆதரவு ஆகியவை இவ்விலையில் அடங்குவதில்லை.

பெயர்

போலிப் பொருட்களின் விற்பனை கறுப்புச் சந்தை எனப்படும் சட்டவிரோத வணிகத்தைச் சார்ந்தது. சாம்பல் சந்தைப் பொருளோ உண்மையான நிறுவனத்தால் உருவாக்கப்பட்ட அசல் பொருள். ஆனால் அந்நிறுவனம் விற்க எண்ணியிராத நாட்டில், அதன் இசைவின்றி விற்கப்படுவது. கறுப்பிற்கும் வெள்ளைக்கும் இடைப்பட்டது என்ற பொருளில் இப்பெயர் வழங்குகிறது.

பின்னணி

யன்மார் நிறுவனம் 1912 ஆம் ஆண்டு யமாவோகா மகோகிச்சி என்பவரால் தொடங்கப்பட்டது. 1933 இல் இந்நிறுவனம் நடைமுறைக்கு உகந்த சிறிய டீசல் பொறியை உருவாக்கியது. கூபோட்டா நிறுவனம் 1890 இல் தொடங்கப்பட்டு, 1960 இல் தனது முதல் வேளாண் டிராக்டரை வெளியிட்டது.

ஜப்பானில் நெல் வேளாண்மை பெரும்பாலும் சிறு வயல்களில் நடைபெறுவது. குடும்பத்திற்கு ஒரு டிராக்டர் இருப்பினும், ஆண்டில் சேற்றுழவு நடக்கும் சில வாரங்களே அதற்குப் பெரும் வேலை. எனவே பல ஆண்டுகள் கடந்த பின்னும் ஓடிய மணிநேரம் குறைவாகவே இருந்தது. உழவர்கள் முதுமையடைந்து வேளாண்மையைக் கைவிட்டதாலும், 1970களின் தொடக்கம் முதல் 2018 வரை நெல் பரப்பைக் குறைக்க அரசு மேற்கொண்ட கொள்கையாலும் பயன்படுத்தப்பட்ட டிராக்டர்கள் ஏற்றுமதிக்குப் பெருமளவில் கிடைத்தன.

இதே ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்க நிறுவனங்களுக்கும் டிராக்டர்களைச் செய்து கொடுத்துள்ளன. 1970களின் இறுதியில் வெளிவந்த ஜான் டியர் 850, 950 ஆகியவை யன்மார் செய்தவை. போர்டு நிறுவனத்தின் 1000 எனும் சிறு டிராக்டர் ஷிபாவுராவின் தயாரிப்பு. ஆகவே பொறியின் தரம் குறித்த ஐயம் வாங்குவோரிடையே பெரிதாக எழவில்லை.

கூபோட்டா வழக்கு

கூபோட்டா நிறுவனம் 1972 இல் ஐக்கிய அமெரிக்காவில் தனக்கென ஒரு கிளை நிறுவனத்தை ஏற்படுத்தியது. பயன்படுத்தப்பட்ட கூபோட்டா டிராக்டர்களைப் பிறர் இறக்குமதி செய்வதை எதிர்த்து, 1930 ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டத்தின் 337 ஆம் பிரிவின் கீழ் அந்நாட்டுப் பன்னாட்டு வணிக ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் 1997 இல் இறக்குமதித் தடை விதித்தது. இறக்குமதியாளர்கள் மேல்முறையீடு செய்தனர். கூட்டாட்சி வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999 இல் ஆணையத்தின் முடிவை உறுதி செய்தது.

பொருள் அசலானது, அதுவும் பழையது என்னும்போது வணிகச் சின்ன உரிமை எவ்வாறு மீறப்படும் என்பதே வழக்கின் மையக் கேள்வி. ஜப்பானிய மாதிரிகள் அமெரிக்க மாதிரிகளிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபட்டவை எனவும், ஒரே பெயரைக் கண்டு வாங்குபவர் அவ்வேறுபாட்டை அறியமாட்டார் எனவும் முடிவு செய்யப்பட்டது. எச்சரிக்கைக் குறிப்புகள் ஜப்பானிய மொழியில் இருத்தல், உதிரிப் பாகங்கள் கிடைக்காமை, கட்டமைப்பு வலிமையிலும் கியர் அமைப்பிலும் உள்ள மாற்றங்கள் ஆகியவை சுட்டப்பட்டன. இத்தடை கூபோட்டாவிற்கு மட்டுமே உரியது. பிற பெயர்களில் வந்த டிராக்டர்களின் இறக்குமதி தொடர்ந்தது.

வடிவமைப்பு வேறுபாடுகள்

ஜப்பானிய மாதிரிகள் சேற்று வயலுக்கானவை. சேற்றில் புதையாதிருக்க எடை குறைவாகவும், சுழற்கலப்பையை மெதுவாக இழுக்கக் கியர்கள் நெருக்கமாகவும் அமைக்கப்பட்டுள்ளன. முன்புற வாளி பொருத்தி மண் அள்ளும் வேலை அமெரிக்கப் பண்ணைகளில் வழக்கமானது; இவற்றுள் பல மாதிரிகள் அப்பாரத்தைக் கருதி வடிவமைக்கப்பட்டவை அல்ல.

கருவிகளை இயக்கும் பின்புறச் சுழல்தண்டு மற்றொரு முக்கிய வேறுபாடு. அமெரிக்கக் கருவிகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 540 சுற்றுகளுக்கு உரியவை. ஜப்பானிய மாதிரிகளில் இத்தண்டிற்கு மூன்று அல்லது நான்கு வேகங்கள் உண்டு. உயர் வேகங்கள் சுழற்கலப்பைக்கானவை. புல்வெட்டும் கருவியை அவ்வேகத்தில் இயக்கினால் அது உடைந்து சிதற நேரிடும்.

பல பழைய மாதிரிகளில் இத்தண்டு கியர் பெட்டியுடன் இணைந்தே சுழலும். கிளட்சை மிதித்த பின்னும், சுழலும் கனத்த வெட்டுக்கத்தியின் உந்தம் தண்டின் வழியே சக்கரங்களை முன்தள்ளும், டிராக்டர் நிற்காது. இதைத் தவிர்க்கத் தண்டின் முனையில் ஒருவழிச் சுழலிணைப்பு ஒன்றைப் பொருத்த வேண்டும்.

பாதுகாப்பு

ஐக்கிய அமெரிக்கப் பண்ணைகளில் நிகழும் உயிரிழப்புகளுக்கு டிராக்டர் கவிழ்தல் முதன்மைக் காரணமாகும். கவிழ்வுக் காப்புச் சட்டகமும் இருக்கைப் பட்டையும் ஒருங்கே பயன்படுத்தப்படின், கவிழும்போது ஏற்படும் மரணத்தையும் கடுங்காயத்தையும் தடுப்பதில் அவை 99 விழுக்காடு பயனுள்ளவை என அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 1976 அக்டோபருக்குப் பின் செய்யப்பட்டு, ஊழியர்களால் ஓட்டப்படும் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களில் இச்சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது. 1985 முதல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் தாமாகவே இதைப் பொதுவாகப் பொருத்தலாயினர்.

இறக்குமதியான ஜப்பானிய மாதிரிகள் பலவற்றில் இச்சட்டகமோ சுழல்தண்டின் மூடியோ இல்லை. சமமான நெல்வயலில் ஓடிய இயந்திரம் சரிவான மேய்ச்சல் நிலத்திற்கு வரும்போது இக்குறை உயிராபத்தாகிறது. உரிமையாளரே ஓட்டும் பண்ணைக்கு மேற்கூறிய விதி பொருந்தாததால், பொறுப்பு முழுதும் அவரையே சாரும். உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைக்கப்படும் இரும்புச் சட்டகம் ஈடாகாது. அது தாங்குமா என்பது சோதிக்கப்படாததால், கவிழும்போதே தெரியவரும்.

உதிரிப் பாகங்கள்

அதிகாரபூர்வ முகவர்களிடம் ஜப்பானிய உள்நாட்டு மாதிரிகளுக்கான பாகங்களும் கையேடுகளும் பொதுவாகக் கிடைப்பதில்லை. எண்ணெய் வடிகட்டி, தாங்கி, காப்பு வளையம் போன்றவற்றை அளவு பார்த்துப் பிற வகைகளிலிருந்து பெறலாம். கியர், நீரியல் பாகங்கள் ஆகியன தனித்தன்மை வாய்ந்தவை. அமெரிக்காவில் விற்கப்பட்ட மாதிரியோடு பொறி ஒத்திருப்பின் பாகங்கள் கிடைப்பது எளிது. பரவலாக இறக்குமதியான யன்மார் மாதிரிகளுக்குத் தனிப்பட்ட வணிகர்கள் பாகங்களை விற்பதால், அரிய மாதிரியை விடப் பரவலான மாதிரி உரிமையாளருக்கு உகந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* பல மாதிரிகளில் பெயரிலுள்ள எண் குதிரைத்திறனை உணர்த்தும். யன்மார் ஒய்எம்1500 என்பது 15 குதிரைத்திறனுடையது. கூபோட்டா பி6000 போன்றவற்றிற்கு இது பொருந்தாது. இறுதியிலுள்ள டி எனும் எழுத்து நான்கு சக்கர இயக்கத்தைக் குறிக்கும்.
* ஓடிய மணி காட்டும் மானி மாற்றப்பட்டிருக்கலாம். மிதிகட்டை, இருக்கை, இணைப்பு ஊசிகள் ஆகியவற்றின் தேய்மானமே நம்பத்தக்க சான்று.
* பல டிராக்டர்கள் வியட்நாம் முதலிய நாடுகளில் பழுதுபார்க்கப்பட்டு வந்தவை. புதிய வண்ணப்பூச்சு உட்புறப் பழுதுநீக்கத்திற்குச் சான்றாகாது.
* முன் அச்சிலும் கியர் பெட்டியிலும் உள்ள எண்ணெய் பால் நிறமாயிருப்பின் நீர் புகுந்துள்ளது என அறியலாம்.
* பொறி குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்த்தல் வேண்டும். தூக்கிய கருவி பொறி நின்ற உடனே இறங்குமாயின் நீரியல் அமைப்பு தேய்ந்துள்ளது.
* சட்டகம், இருக்கைப் பட்டை, தண்டு மூடி, ஒருவழிச் சுழலிணைப்பு ஆகியவற்றின் செலவைச் சேர்த்த பின்னரே விலையைப் புதிய டிராக்டரோடு ஒப்பிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உழவு இயந்திரம்
* டீசல் பொறி
* சுழற்கலப்பை
* வணிகச் சின்னம்