ஸ்ராட் வராத மிசின்: ஒரு துளி பெற்றோலின் வரலாறு

1

யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாறு என்று நம் கையிலிருப்பது பெரும்பாலும் ஒப்பந்தங்களின், படையெடுப்புகளின், இடப்பெயர்வுகளின் வரலாறு. திகதிகள் இருக்கின்றன, பெயர்கள் இருக்கின்றன. ஆனால் விடிகாலையில் தோட்டக் கிணற்றடியில் ஒருவர் கயிறு சுற்றி இழுத்து, மறுபடி சுற்றி இழுத்து, பதினைந்தாவது தரமும் இறைப்பு மிசின் பிடிக்காமல் நின்றாரே, அந்தக் காலைக்கு இவற்றில் இடமில்லை. அது வரலாறு இல்லையாம், வெறும் பழுதாம். பழுதென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம், வரலாற்றாசிரியரை எதற்குக் கூப்பிடுவது?

தொழில்நுட்ப வரலாறும் இதே காரியத்தைத்தான் வேறு வழியில் செய்து வந்திருக்கிறது. கண்டுபிடித்தவனோடு தொடங்கி, கண்டுபிடித்த ஆண்டோடு முடித்துவிடும். டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட நூலில், கண்டுபிடிப்பை விட்டுவிட்டுப் பயன்பாட்டிலிருந்து இந்த வரலாற்றை எழுத வேண்டும் என்று வாதிட்டார். நல்லது. நாம் இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். பயன்பட மறுத்த கணத்திலிருந்து எழுதிப் பார்க்கலாம். ஒரு மிசின் ஏன் ஸ்ராட் வரவில்லை என்ற கேள்விக்கு மெக்கானிக் சொல்லும் பதிலையும் அரசியல் சொல்லும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

2

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எல்லாம், அதை எட்டுவதற்கு வழி கிணறுதான். தோட்டத்துக்கு இறைக்கத் துலா இருந்தது. துலா மிதிக்க ஆள், பட்டை பிடிக்க ஆள், வாய்க்காலில் தண்ணி மாற ஆள். சிறு விவசாயிக் குடும்பங்கள் தாங்களே மிதித்தன. கொஞ்சம் வசதியான தோட்டங்களில் கூலிக்கு மிதித்தார்கள். அந்தக் கூலிக் கால்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவை என்பதையும், அதே கால்களுக்குரியவர்கள் பல ஊர்களில் குடிதண்ணீர்க் கிணற்றில் தாங்களே அள்ள முடியாதிருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் துலாவைப் பற்றிக் கவிதை பாடுவது மோசடி. டானியல் தன் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

1950களிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன இறைப்பு மிசின் பரவியபோது துலா மெல்ல இறங்கியது. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கண்ட வருமானம் இந்த மிசினின் சத்தத்தோடு சேர்ந்து வந்ததுதான். துலா போனது. சாதி கிணற்றடியை விட்டுப் போகவில்லை. கூலிக்கு மிதித்தவர் தோட்டக்காரராகிவிடவுமில்லை.

ஏன் மண்ணெண்ணெய்? எஞ்சினுக்கு அது பிடித்தமான உணவு இல்லை. மனிதருடைய வரிக்கணக்குத்தான் காரணம். 1917இல் வந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரமே பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்பட்டது. பிரித்தானியாவில் பெற்றோலுக்கு வரி விதிக்கப்பட்ட காலத்தில் உழவர்கள் மலிவான எண்ணெயை நாடினார்கள். உற்பத்தியாளர்கள் அதற்கேற்ற எஞ்சின்களைச் செய்தார்கள். இலங்கையில் மண்ணெண்ணெய் ஏழை வீட்டு விளக்கெண்ணெய், மானிய எண்ணெய். 1979இல் உணவு முத்திரையோடு மண்ணெண்ணெய் முத்திரையும் வந்தது. ஆக, இந்த மிசினின் தாங்கிக்குள் எந்த எண்ணெய் போகவேண்டும் என்பதை ஆரம்பத்திலிருந்தே அரசுகளின் கணக்குப் புத்தகங்கள் தீர்மானித்து வந்திருக்கின்றன. தடைக்காலம் இதற்குப் புறம்பான விபத்து அல்ல, இதன் உச்சம்.

3

இனி மெக்கானிக்கின் வாசிப்பு. வாசிப்பு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன்.

ஸ்ராட் வராத மிசினுக்கு மூன்று கேள்விகள் உண்டு. எண்ணெய் வருகிறதா, பொறி வருகிறதா, அமுக்கம் இருக்கிறதா. கயிற்றை இழுக்கும் கையே மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். எதிர்ப்பில்லாமல் இலேசாக வந்தால் வால்விலோ றிங்கிலோ கோளாறு. பிளக் ஓட்டைக்குள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு இழுத்துப் பார், இறுக்கம் திரும்பினால் றிங் தேய்ந்திருக்கிறது. இறுக்கம் சரியென்றால் பிளக்கைக் கழற்று. காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை: குழாயையும் காபரேற்றரின் நுண்துளையையும் பார். ஈரமாக இருந்தால் எண்ணெய் வந்திருக்கிறது, பற்றவில்லை. கரி பிடித்த பிளக்கை அரத்தாளால் சுரண்டி, வயரை மாட்டி, சிந்திய எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஓட்டைக்குத் தள்ளி எஞ்சின் உலோகத்தில் வைத்து இழு. நீலப் பொறி தெறித்தால் நல்லது. தெறிக்காவிட்டால் பொயின்றைத் துடை.

ஈரமான பிளக்கை மூக்கருகே கொண்டுபோவதும் ஒரு பரிசோதனை. பெற்றோல் மணத்தால் ஒரு கதை, மண்ணெண்ணெய் மணத்தால் வேறு கதை. பெற்றோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவுக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். யாழ்ப்பாணத்து விடிகாலை என்ன வெக்கையானாலும் அவ்வளவு சூடில்லை. அதனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் வெறும் ஈரமாகவே நிற்கும். முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுத்துச் சூடேற்றினால், பிறகு அதே எஞ்சின் மண்ணெண்ணெயையும் ஆவியாக்கி எரித்துக்கொண்டு மணிக்கணக்காக ஓடும். இதற்காகவே செய்த மிசின்களில் பெற்றோலுக்கென்று ஒரு குட்டித் தாங்கியும், மாற்றிவிட ஒரு திருகியும் இருக்கும். நிறுத்தும்போதும் ஒரு ஒழுங்கு உண்டு. கடைசிச் சில நிமிடங்கள் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் காபரேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றுவிடும், நாளைக்குக் காலையில் கயிறுதான் அறும்.

இந்த விவரம் முக்கியமானது. தொடங்குவதற்கு ஒரு எண்ணெய், ஓடுவதற்கு வேறு எண்ணெய். இன்றைய நிறுத்தத்துக்குள் நாளைய தொடக்கத்தைச் சேமித்து வைக்கவேண்டும். பொழுதுபட்டு நிற்கும் மிசினுக்குள் கிடக்கும் அந்தச் சொட்டுப் பெற்றோல்தான் அடுத்த நாள்.

4

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சீமெந்து என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அளவாக விடப்பட்டது, பெற்றோல் கறுப்புச் சந்தைக்குப் போய் அதைவிடப் பல மடங்கு விலையானது.

மெக்கானிக்கின் மூன்று கேள்விகளை இப்போது மறுபடி கேளுங்கள். எண்ணெய் வருகிறதா? தாங்கிக்கு வருவதற்கு முன்னால் சோதனைச் சாவடிக்கே வரவில்லை. பொறி வருகிறதா? பற்றரி தடைப் பட்டியலில். அமுக்கம் இருக்கிறதா? மண்ணெண்ணெய் முழுதும் எரியாமல் றிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கவைக்கிறது, தேய்ந்த றிங்குக்கு மாற்று றிங் கிடைப்பதில்லை. ஒரு பழுதின் மூன்று காரணங்களும் மூன்று நிர்வாக முடிவுகளாக இருந்தன. கிணற்றடியில் பிளக்கை மணந்து பார்த்தவர் பாதுகாப்பு அமைச்சின் பட்டியலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டியலுக்கும் ஓட்டைகள் இருந்தன. கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணும் சின்ன எஞ்சினுக்குப் பற்றரி தேவையில்லை, சுழலும் சக்கரத்துக் காந்தத்திலிருந்தே மக்னெற்றோ பொறியை எடுத்துக்கொள்ளும். பற்றரியை நம்பிய புதுக் கார்கள் படுத்துவிட, கைபிடி போட்டுச் சுற்றக்கூடிய, அமுக்க விகிதம் குறைந்த பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயைக் குடித்துப் புகை கக்கிக்கொண்டு ஓடின. மோட்டார் சைக்கிள்காரர் சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தார்கள். முன்னேற்றம் பற்றிய நம் வழக்கமான கதையில் பழசு தோற்கும், புதுசு வெல்லும். இங்கே எது எவ்வளவு பழசோ அது அவ்வளவு காலம் தாங்கியது.

ஹைடெகர் 1927இல் சொன்ன சுத்தியல் உதாரணம் நம் கட்டுரைகளில் அடிபட்டுத் தேய்ந்ததுதான். கைக்குள் மறைந்திருக்கும் கருவி, உடைந்தவுடன் பொருளாய்க் கண்ணில் படுகிறது என்பார். பழுது கருவியில் இருந்தால் இது பொருந்தும். நம் மிசின் உடையவில்லை. றிங் சரி, பொறி சரி. ஆனாலும் நிற்கிறது. உடையாத கருவி நிற்கும்போது கண்ணில் படுவது கருவி அல்ல, அதைச் சுற்றியுள்ள அதிகாரம். அந்த அதிகாரம் எஞ்சின்களைப் பறிமுதல் செய்ய வேண்டியிருக்கவில்லை. தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், ஓட்டம் தானாக நிற்கும். ஒரு துளியை ஆள்வது ஒரு தோட்டத்தையே ஆள்வது. கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்த சனத்துக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். நடுவில் எஞ்சின் நின்றால் தோட்டத்தில் பயிர் வாடும், கடலேரியில் கடற்படையின் குண்டுக்கு ஆளாக வேண்டும்.

5

இவ்வளவும் இன்று எப்படி நினைவுகூரப்படுகிறது? 'எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில கார் ஓட்டினவை' என்ற பெருமையாக. சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டதும் இதே பட்டியலில் வரும். பெருமை பொய்யில்லை. ஆனால் இந்தச் சொல்லாடல் இரண்டு காரியம் செய்கிறது. தடையை ஒரு பரீட்சையாக மாற்றி, நாம் சித்தியடைந்துவிட்டோம் என்கிறது. பரீட்சை வைத்தவன் யார் என்ற கேள்வி அதோடு விழுந்துவிடுகிறது. இன்னொன்று, 'நாம்' என்ற சொல்லுக்குள் எல்லோரையும் அடக்கிவிடுகிறது. கறுப்புச் சந்தைப் பெற்றோலில் ஒரு போத்தலை வாங்க வெளிநாட்டுக் காசு வந்த வீடும், வாளி போட்டுக் கையால் அள்ளி ஊற்றிய குடும்பமும் ஒரே சாதுரியத்தில் பங்காளிகள் அல்ல. மிசின் நின்ற நாட்களில் யாருடைய கையும் காலும் அதன் இடத்துக்குப் போயின என்று கேட்டால் துலாவின் பழைய கேள்விதான் திரும்பி வரும்.

2022இல் தெற்கும் வரிசையில் நின்றது. கலன்களில் பெற்றோல் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தபோது, வரிசைக்கு உருட்டிக்கொண்டு போக முடியாத இறைப்பு மிசினும் புல்லு வெட்டும் மிசினும் என்ன செய்யும் என்று உத்தரவு போட்டவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. தோட்டக்காரரும் மீனவரும் ஒரே இரவில் அடிபட்டார்கள். அப்போதும் நம்மில் சிலர் 'இதெல்லாம் நாங்கள் தொண்ணூறிலேயே பார்த்தது' என்று சிரித்தோம். பார்த்தது உண்மை, எழுதி வைத்தோமா? எழுதி வைத்திருந்தால் 1990இன் தடையும் 2022இன் பஞ்சமும் ஒன்றல்ல என்றாவது தெளிவாகச் சொல்லியிருக்கலாம். ஒன்று குறிவைத்துச் செய்யப்பட்டது, மற்றது பொருளாதார முறிவு. கயிற்றைப் பிடித்த கைக்கு இரண்டிலும் ஒரே வலிதான். வித்தியாசத்தை வரலாறுதான் சொல்ல வேண்டும்.

தடைக்காலத்தில் கராஜ்களில் நின்ற மெக்கானிக்குகள் பலருக்கு இன்று அறுபது, எழுபது வயது. அவர்களிடம் போய் 'எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?' என்று கேட்டால் மறுபடியும் பெருமைக் கதைதான் கிடைக்கும். எந்த மாதம், எந்த மிசின், என்ன பழுது, என்ன சாமான் கிடைக்கவில்லை, யார் காசு தந்தார், யார் கடன் வைத்தார், கடைசியில் எது ஸ்ராட் வராமலே கிடந்தது என்று கேட்க வேண்டும். ஓடிய மிசின்களைப் பற்றி எல்லோருக்கும் கதை இருக்கிறது. ஓடாமல் போனவற்றின் பட்டியல்தான் நம்மிடம் இல்லை.