மூன்றாம் பிறை (திரைப்படம்)

மூன்றாம் பிறை 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். பாலு மகேந்திரா எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்த இத்திரைப்படத்தில் கமல்ஹாசன், ஸ்ரீதேவி ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். இளையராஜா இசையமைத்துள்ளார். தலையில் அடிபட்டு நினைவை இழந்த ஒரு பெண்ணையும், அவளைப் பேணிக் காத்து முடிவில் அவளால் மறக்கப்படும் ஓர் ஆசிரியரையும் பற்றிய கதை இது.

பெயர்

அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் தோன்றும் மெல்லிய நிலவு மூன்றாம் பிறை எனப்படுகின்றது. கதிரவன் மறைந்த பின் மேற்கு வானில் சிறிது நேரம் மட்டுமே தெரிந்து மறைவது இதன் இயல்பு.

கதைச் சுருக்கம்

பாக்கியலட்சுமி வசதியான குடும்பத்துப் பெண். மகிழுந்து விபத்தொன்றில் தலையில் அடிபட்டதால் கடந்த கால நினைவுகளை இழந்து, சிறு குழந்தையின் மனநிலைக்குச் செல்கிறாள். பெற்றோரையும் அவளுக்கு அடையாளம் தெரிவதில்லை. இந்நிலையில் கடத்தப்பட்டுச் சென்னையில் பாலியல் தொழில் நடக்கும் வீடொன்றில் விற்கப்படுகிறாள். அங்கு அவளுக்கு விஜி என்று பெயர்.

நீலகிரியில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரியும் சீனு, நண்பருடன் அவ்வீட்டுக்குச் செல்ல நேர்கிறது. அவளது நிலையை உணர்ந்த சீனு, அவளை அங்கிருந்து மீட்டுத் தன் ஊருக்கு அழைத்து வருகிறார். உணவூட்டுவது, கதை சொல்வது, விளையாட்டுக் காட்டுவது எனத் தாயும் தந்தையுமாக இருந்து அவளைப் பார்த்துக் கொள்கிறார்.

பின்னர் நாட்டு வைத்தியர் ஒருவரிடம் அவளைச் சிகிச்சைக்காக விடுகிறார். இதற்கிடையில் அவளைத் தேடிவரும் பெற்றோருக்கு இருப்பிடம் தெரியவருகிறது. சிகிச்சையால் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. ஆனால் சீனுவுடன் வாழ்ந்த காலம் முழுவதும் மறந்து போகிறது. காவல் துறைக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த சீனு, அவள் புறப்பட்டுவிட்டதை அறிந்து ஓடுகிறார். காயங்களுடன் தொடருந்து நிலையத்தை அடைந்து, தன்னை நினைவூட்டுவதற்காக முன்பு அவளுக்குக் காட்டிய குரங்காட்டத்தை மீண்டும் ஆடிக் காட்டுகிறார். அவரை உணவு கேட்கும் மனநிலை பிறழ்ந்தவர் என்றே அவள் எண்ணுகிறாள். தொடருந்து புறப்பட்டுச் செல்கிறது.

நடிகர்கள்

கமல்ஹாசன் - சீனு
ஸ்ரீதேவி - பாக்கியலட்சுமி (விஜி)
பூர்ணம் விசுவநாதன் - தலைமை ஆசிரியர்
சில்க் ஸ்மிதா - தலைமை ஆசிரியரின் மனைவி

கதைக்களம்

படத்தின் பெரும்பகுதி நீலகிரி மலைப்பகுதியில் நடைபெறுகின்றது. 1868 இல் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது நீலகிரி. இறுதிக் காட்சி கேத்தி தொடருந்து நிலையத்தில் படமாக்கப்பட்டது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் மேட்டுப்பாளையத்தில் தொடங்கி உதகமண்டலம் வரை ஏறும் நீலகிரி மலைத் தொடருந்துப் பாதையில், குன்னூருக்கு அப்பால் இந்நிலையம் அமைந்துள்ளது. இப்பாதை 1899 இல் குன்னூர் வரையிலும், 1908 இல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்டது. 2005 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

நினைவிழப்பும் அடையாளமும்

மருத்துவத்தில் நினைவிழப்பு இரு வகையாகப் பார்க்கப்படுகின்றது. அடிபடுவதற்கு முன் நடந்தவை மறந்துபோவது ஒன்று. அடிபட்ட பின் நடப்பவை மனத்தில் தங்காமல் போவது மற்றொன்று. பாக்கியலட்சுமிக்கு ஏற்படுவது முதல் வகை. 2005 இல் வெளிவந்த கஜினி திரைப்படத்தின் நாயகனுக்கு ஏற்படுவது இரண்டாம் வகை.

மூளைக் காயத்தில் பொதுவாக அண்மைக்கால நினைவுகளே முதலில் பாதிக்கப்படும். பழைய நினைவுகள் ஓரளவு எஞ்சும். பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 19 ஆம் நூற்றாண்டிலேயே இதை எடுத்துரைத்தார். தன் பெயரையும் பெற்றோரையும் முற்றாக மறந்து, புதியவற்றை மட்டும் கற்றுக்கொள்ளும் நிலை மூளைக் காயத்தில் மிக அரிது. இழந்த நினைவு யாவும் ஒரே நாளில் திரும்பி, இடைப்பட்ட காலம் மட்டும் அழிந்துபோவதும் கதைக்கான அமைப்பே ஆகும். திரைப்படங்களில் நினைவிழப்பு பெரும்பாலும் உண்மைக்கு மாறாகவே காட்டப்படுவதாக நரம்பு உளவியலாளர் சாலி பாக்சண்டேல் 2004 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்.

எனினும் மூளைக் காயம் நோயாளியை மட்டுமன்றி, உடனிருந்து பேணியவரையும் தாக்குகின்றது என்பதை இப்படம் காட்டுகின்றது. மகள் குணமடைவது பெற்றோருக்கு மீட்பு, சீனுவுக்கு இழப்பு. விஜியாக அவள் வாழ்ந்த நாள்களுக்கு இனி அவர் ஒருவரே சாட்சி. 2006 இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்ற ரிச்சர்ட் பவர்சின் தி எக்கோ மேக்கர் புதினமும் இதற்கு நெருங்கிய கருவைக் கொண்டது. அதில் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட தம்பி, தன்னைப் பேண வந்த அக்காளை ஆள்மாறாட்டம் செய்பவள் என நம்புகிறான்.

உருவாக்கம்

பாலு மகேந்திரா இலங்கையின் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். நடிகை ஷோபா 1980 இல் மறைந்தபின், அவ்விழப்பின் தாக்கத்திலிருந்தே இக்கதை உருவானதாக அவர் கூறியுள்ளார். இப்படத்தில் கே. ஜே. யேசுதாஸ் பாடிய "கண்ணே கலைமானே", 1981 அக்டோபரில் மறைந்த கண்ணதாசன் எழுதிய கடைசித் திரைப்பாடலாகக் கருதப்படுகின்றது.

விருதுகள்

30 ஆவது இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் இரு விருதுகளைப் பெற்றது.

சிறந்த நடிகர் - கமல்ஹாசன்
சிறந்த ஒளிப்பதிவு - பாலு மகேந்திரா

மறு ஆக்கம்

1983 இல் பாலு மகேந்திராவே இப்படத்தைச் சத்மா என்ற பெயரில் இந்தியில் மீண்டும் எடுத்தார். கமல்ஹாசனும் ஸ்ரீதேவியுமே அதிலும் முதன்மை வேடங்களில் நடித்தனர்.