நெஞ்சில் ஒரு குழாய்

யுத்தங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் ஏராளம். ராஜாக்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் அதைவிட ஏராளம். ஒரு குழாயின் சரித்திரத்தைச் சொல்கிறேன் என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். சுண்டு விரல் பருமனுள்ள சாதாரணக் குழாய்தான். மோட்டார் விபத்தில் விலா எலும்புகள் நொறுங்கி, தானாக மூச்சு விடச் சக்தியில்லாமல், சுவாச யந்திரத்தின் தயவில் படுத்திருக்கிறவனுடைய விலாப்புறத்தில் டாக்டர்கள் செருகுகிற குழாய் அது. அதை எப்படிச் செருகுவது என்று மனிதன் கற்றுக்கொண்டு இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் ஆகிறது. எப்போது செருகுவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்பதை மட்டும் இன்றைக்கும் கற்றுக்கொண்டே இருக்கிறான். கதை எழுதுகிறவனுக்கு இந்த இரண்டாவது விஷயத்தில்தான் ருசி. ஏனென்றால், ஒரு மனிதன் முடிவு செய்ய வேண்டிய கட்டத்தில்தானே கதை பிறக்கிறது?

முதலில் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நுரையீரல் ரப்பரைப் போலச் சுருங்கப் பார்க்கிற வஸ்து. விலாக்கூடோ விரியப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழவழப்பான இரண்டு சவ்வுகள். அவற்றின் இடுக்கில் காற்று கிடையாது. கொஞ்சம் ஈரப்பசை மட்டும் உண்டு. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி நுரையீரல் விலாக்கூட்டோடு ஒட்டி நிற்கிறது. விலாக்கூடு விரிந்தால் அதுவும் விரிகிறது. நாம் மூச்சு விடுகிறோம்.

உடைந்த எலும்பின் கூர்முனை நுரையீரலைக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கில் காற்று புகுகிறது, ஒட்டு விட்டுப்போகிறது, நுரையீரல் சுருங்கி உட்கார்ந்துவிடுகிறது. சில சமயம் கிழிசல் சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி வேலை செய்யும். காற்று உள்ளே போகும், வெளியே வராது. அப்போது உள்ளே அழுத்தம் ஏறி, இருதயத்தை மறுபக்கம் தள்ளி, அதற்குத் திரும்பி வருகிற ரத்தத்தையும் தடுத்துவிடும். சில நிமிஷங்களில் ஆள் முடிந்துபோவான். அந்தக் காற்றுக்கு வழி விடத்தான் குழாய்.

ஆனால் குழாய் காற்றுக்காகப் பிறக்கவில்லை, சீழுக்காகப் பிறந்தது. கிரேக்க தேசத்தில் ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்குகிற வைத்திய நூல்களிலேயே அது வந்துவிடுகிறது. நெஞ்சுக்குள் சீழ் கட்டினால் விலா எலும்புகளுக்கு நடுவே கீறி வெளியேற்றச் சொல்கிறார்கள் அந்த வைத்தியர்கள். முழுவதையும் ஒரே நாளில் விடக் கூடாதாம். துணித் திரியால் வாயை அடைத்துவைத்து, நாளுக்குக் கொஞ்சமாக விட வேண்டும். சில நாட்களுக்குப் பிறகு வெள்ளீயக் குழாய் ஒன்றை வைக்க வேண்டும். எக்ஸ்ரே இல்லை, மயக்க மருந்து இல்லை, கிருமி என்ற பேச்சே இல்லை. இருந்தும் அவசரப்படக் கூடாது என்ற விவேகம் இருந்திருக்கிறது.

பல நூற்றாண்டுகள் தாண்டி 1875-ம் வருஷத்துக்கு வருவோம். பிளேஃபேர் என்ற ஆங்கிலேய டாக்டர், நெஞ்சில் சீழ் கட்டிய ஒரு குழந்தைக்குக் குழாய் வைத்து, அதன் மறு நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். அடுத்த வருஷம் ஹ்யூவெட் என்பவர் இதே வழியில் இடைவிடாமல் சீழை இறக்கும் முறையை விவரித்தார். ஹாம்பர்க் நகரத்தில் பியூலாவ் என்ற ஜெர்மானிய டாக்டரும் அதே காலத்தில் இதைக் கையாண்டு, 1891-ல் பிரசுரித்தார். இதிலுள்ள சூட்சுமம் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். டம்ளர் தண்ணீரில் உறிஞ்சு குழலை விட்டு ஊதினால் குமிழியாகக் காற்று வெளியேறுகிறது. உறிஞ்சினாலோ தண்ணீர்தான் ஏறுகிறதே ஒழிய, காற்று வருவதில்லை. உள்ளே இருக்கிற காற்று வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வர முடியாது. பாட்டிலைக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்துவிட்டால், உறிஞ்சப்படுகிற தண்ணீரும் நெஞ்சு வரைக்கும் ஏறாது. இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் இதே தத்துவந்தான்.

இவ்வளவு நல்ல உபாயம் கையில் இருந்தும், அதை மறந்ததால் எத்தனையோ பேர் இறந்தார்கள். 1917-ம் வருஷத்துக் குளிர்காலம். முதல் உலக யுத்தத்துக்காக அமெரிக்கா லட்சக்கணக்கான வாலிபர்களை முகாம்களில் திரட்டியிருந்தது. அங்கே தட்டம்மை பரவியது. அதன் பின்னாலேயே கொடிய நிமோனியாவும், நெஞ்சில் சீழும் வந்தன. சீழைக் கண்டதும் வெட்டித் திற என்பது சர்ஜன்கள் படித்த பாடம். அப்படியே செய்தார்கள். விலா எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு நெஞ்சைத் திறந்தார்கள். சராசரியாக நூற்றுக்கு முப்பது பேர் மாண்டார்கள். போர்க்களத்தைக் கண்ணால் பார்க்காமலே மாண்டார்கள்.

1918-ல் ராணுவம் இதை ஆராய ஒரு கமிஷனை நியமித்தது. அதிலிருந்த எவார்ட்ஸ் கிரஹாம் என்ற இளம் சர்ஜன் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது: இவர்கள் சாவது சீழாலா, நாம் போடுகிற துவாரத்தாலா? ஒரு பக்கத்து நெஞ்சைத் திறந்தால் அந்தப் பக்கத்து நுரையீரல்தான் சுருங்கும், மற்றது சமாளித்துக்கொள்ளும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். கிரஹாமும் அவருடைய சகா பெல்லும் அது பிசகு என்று காட்டினார்கள். இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் இருப்பது கல்சுவர் அல்ல, அசைகிற திரை. ஒரு பக்கம் வெளிக்காற்று புகுந்தால் இரண்டு நுரையீரல்களும் அவதிப்படும். ஏற்கெனவே நிமோனியாவில் மூச்சுக்குத் தவிக்கிறவனுக்கு அது போதாதா?

ஆகவே, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது திறக்காதே. ஊசியால் சீழை இறக்கிக்கொண்டு காத்திரு. சீழ் கெட்டிப்பட்டு, சவ்வுகள் ஒட்டிக்கொண்டு, திரை அசையாமல் நின்ற பிறகு திற என்றார்கள். புதுக் கத்தி இல்லை, புது மருந்து இல்லை. காலத்தைத்தான் மாற்றினார்கள். இந்த முறையை அனுசரித்த முகாமில் சாவு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிற்று.

இனி சுவாச யந்திரத்தின் பிரவேசம். 1952-ல் டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கோரத் தாண்டவம் ஆடியது. மூச்சுத் தசைகள் விழுந்துபோன குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். இரும்பு நுரையீரல் என்று சொல்லப்பட்ட பெட்டியோ, அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று. ப்யோர்ன் இப்ஸன் என்ற மயக்க மருந்து நிபுணர், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். குழந்தை பிழைத்தாள். அப்புறம் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் இரவும் பகலுமாக முறை வைத்துக்கொண்டு நோயாளிகளுக்காகப் பையை அமுக்கினார்கள். அந்தக் கைகளின் வேலையைப் பின்னால் யந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. 1956-ல் ஏவரி, மோர்ஷ், பென்ஸன் என்ற மூவர், விலாக்கூடு நொறுங்கியவர்களுக்கும் இதே யந்திரத்தை உபயோகித்து, உள்ளிருந்து காற்றாலேயே எலும்புகளைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று எழுதினார்கள்.

இங்கேதான் கதையில் திருப்பம். நாம் மூச்சு விடும்போது காற்றை இழுக்கிறோம். யந்திரமோ தள்ளுகிறது. நுரையீரலில் சின்னக் கிழிசல் இருந்தால், ஒவ்வொரு தள்ளலிலும் காற்று அந்த இடுக்குக்குள் ஏறலாம். உயிர் காக்கிற யந்திரமே சைக்கிள் பம்பு ஆகிவிடும். ஆகவே டாக்டர்கள் ஒரு விதி செய்துகொண்டார்கள்: விலா உடைந்து, நெஞ்சில் காற்றும் இருந்து, யந்திரமும் வைப்பதானால் குழாயையும் வைத்துவிடு. பயத்தில் பிறந்த விதிதான். ஆனால் நியாயமான பயம். எக்ஸ்ரேயில் தெரிகிற அளவுக்குக் காற்று இருந்தவர்களுக்கு அந்த விதி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும்.

பிறகு மனிதனுக்குப் புதுக் கண் கிடைத்தது. 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் ஸ்கேன் யந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. சில வருஷங்களில் உடம்பு முழுவதையும் அப்பமாக அரிந்து பார்ப்பதுபோல் பார்க்க முடிந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் அகப்படாத மெல்லிய காற்றுப் படலம் அதில் அகப்பட்டது. அதுவரை எத்தனையோ பேர் அந்தக் காற்றோடு வந்து, யாருக்கும் தெரியாமலே குணமாகி வீடு திரும்பியிருப்பார்கள். இப்போது தெரிந்துவிட்டதே! தெரிந்த பிறகு சும்மா இருக்க மனம் வருமா? விதிப்புத்தகம் குழாய் வை என்கிறது.

குழாயும் சாதுவல்ல. வைக்கிற இடம் தவறினால் நுரையீரலையோ கல்லீரலையோ குத்தலாம், ரத்தம் பெருகலாம், சீழ் பிடிக்கலாம், வலியோ சொல்லி முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழாய் ஏதாவது ஒரு தொல்லையைக் கொண்டுவருகிறது என்றார்கள்.

1993-ல் அமெரிக்காவில் எண்டர்ஸனும் அவரது சகாக்களும் இத்தகைய மறைந்த காற்றுள்ள 40 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். குழாயில்லாமல் கவனிக்கப்பட்டவர்கள் 21 பேர். யந்திரத்தில் வைத்தபோது அவர்களில் 8 பேருக்குக் காற்று பெருகிற்று. மூவருக்கு உயிராபத்தான அழுத்தமே ஏற்பட்டது. விதி சரிதான் என்று தீர்ந்தது. 1999-ல் பிராஸல் என்ற பெண் சர்ஜனும் சகாக்களும் 39 பேரை வைத்து அதே சோதனையைச் செய்தபோது, இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தென்படவில்லை. 2013-ல் கனடாவின் கர்க்பாட்ரிக் குழுவினர், யந்திரத்திலிருந்த 90 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். கவனித்துக் காத்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பின்னால் குழாய் தேவைப்பட்டது. நாட்கணக்கில் யந்திரத்தில் கிடந்தவர்களிடம் அந்த விகிதம் கூடிற்று. 2018-ல் இங்கிலாந்தின் விபத்துப் பதிவேட்டை ஆராய்ந்து வெளியிட்டவர்கள், குழாயின்றி யந்திரத்தில் இருந்த 62 பேரில் 56 பேர் கடைசிவரை குழாயில்லாமலே சமாளித்ததைக் கண்டார்கள்.

ஒரே கேள்விக்கு நாலு விடை என்று சலித்துக்கொள்ளத் தேவையில்லை. கூர்ந்து பார்த்தால் விடை ஒன்றுதான். பெரும்பாலோருக்குக் குழாய் வேண்டியதில்லை. சிலருக்குக் கட்டாயம் வேண்டும். அந்தச் சிலர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே, யாரிடம் குழாய் வைப்பது என்ற கேள்வி, யாரை எப்படிக் கவனிப்பது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. காற்றோடு ரத்தமும் நிறையத் தேங்கியிருக்கிறதா? மூச்சும் ரத்த அழுத்தமும் நிலையாக நிற்கின்றனவா? மணிக்கணக்கில் நீளும் ஆபரேஷனுக்குப் போகிறவனா? ஆம்புலன்ஸில் நெடுந்தூரம் போகவேண்டியவனா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, இரவு இரண்டு மணிக்கு அவன் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

யந்திரத்தில் அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தம் இறங்கி, பிராணவாயு குறையும் அந்தக் கணத்தில் யோசனைக்கு இடமில்லை. உடனே திறக்க வேண்டும். அதற்கு ஒரு விசித்திரமான வழியும் இருக்கிறது. 1995-ல் லண்டனில் ஹெலிகாப்டரில் பறந்து போய் வைத்தியம் செய்த டாக்டர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். யந்திரத்தில் இருப்பவனுக்கு விலாப்புறத்தில் கீறி, விரலை விட்டுத் துவாரம் செய்தாலே போதும். குழாய்கூட உடனே தேவையில்லை. நுரையீரலை உள்ளிருந்து காற்று தள்ளிக்கொண்டிருப்பதால், வெளிக்காற்று புகுந்து அதைச் சுருக்கிவிடுவதில்லை. 1918-ல் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த சிப்பாயைக் கொன்ற அதே திறந்த துவாரம், யந்திரம் மூச்சு விடுவிக்கிற மனிதனைக் காப்பாற்றுகிறது! துவாரம் ஒன்றுதான். மூச்சு யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆனால் பதறாமல் இருப்பதற்கும் ஒரு செலவு உண்டு. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறோம். இந்தச் சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. கோபன்ஹேகனில் பை அமுக்கிய மாணவர்கள் கூடவே உட்கார்ந்திருந்ததால்தான் அந்த நோயாளிகள் பிழைத்தார்கள். இன்றைக்கும் குழாய் வைக்காமல் பொறுத்திருக்கிற டாக்டர், ஒரு நர்ஸின் விழித்த கண்களை நம்பித்தான் பொறுத்திருக்கிறார். நர்ஸ் ஒருத்திக்கு இருபது கட்டில் என்றிருக்கிற வார்டில் அதே டாக்டர் குழாயை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. யந்திரத்தையும் ஸ்கேனையும் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிடலாம். இரவெல்லாம் விழித்திருந்து, அளவு சற்று மாறியதும் டாக்டரைக் கூப்பிடத் தெரிந்த ஆளை வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்து உருவாக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அந்த ஆளின் சம்பளத்தை முதலில் எழுதிவிட்டு, யந்திரத்தின் விலையை அப்புறம் எழுதினால் நன்றாயிருக்கும்.