ஜுர மூலிகையும் அதன் பிரமாணமும்: சிங்ஹாவ் செடியின் வரலாற்றை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஒரு மூலிகை ஜுரத்தைத் தணிக்கும் என்று முன்னோர் சொல்லி வைத்ததற்கும், அது மெய்யாகவே தணிக்கிறது என்று பரிசோதனையால் நிலைநாட்டப்படுவதற்கும் இடையே உள்ள தொலைவை அளந்தறிய விரும்புவோர்க்கு, சீன தேசத்தில் சிங்ஹாவ் என வழங்கும் செடியின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நம் பெண்டிர் மல்லிகையோடு சேர்த்துத் தொடுக்கும் மரிக்கொழுந்தும் இச்செடியும் ஆர்டிமீசியா என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. அச்சரித்திரம் கலிபோர்னியா, நியூ ஜெர்சி, டெக்ஸாஸ் ஆகிய மாகாணங்களையும் தொட்டுச் செல்வதால், அங்கே குடியேறி வாழும் தமிழர்க்கு அது அயலார் விருத்தாந்தம் அன்று.

கி.பி. நான்காம் நூற்றாண்டினரான கே ஹூங் என்னும் அறிஞர், அவசர சிகிச்சைக்கென இயற்றிய கையேட்டில், விட்டுவிட்டு வரும் குளிர்ஜுரத்துக்குச் சிங்ஹாவ் ஒரு கைப்பிடி எடுத்து, நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அச்சாறு முழுவதையும் பருகுமாறு விதித்தார். அவ்விதியில் காய்ச்சுதல் என்ற கிரியையே இல்லை. வியட்நாம் யுத்தகாலத்தில் மலேரியாவுக்கு மருந்து காணும்பொருட்டு 1967 மே 23 அன்று சீன அரசாங்கம் தொடங்கிய இரகசியத் திட்டத்தில் பின்னர் பங்கேற்ற தூ யூயூ என்ற அம்மையார், பழைய நூல்களையும் நாட்டு வைத்தியர்களின் அனுபவங்களையும் திரட்டி ஆராய்ந்தபோது, சிங்ஹாவ் சாரம் ஒரு சமயம் பலித்தும் மறுசமயம் பலியாமலும் அவரை மயக்கிற்று. கே ஹூங்கின் விதியை மீண்டும் ஊன்றிப் படித்த அவர், வெப்பமே மருந்தின் சக்தியை அழிக்கிறது போலும் என ஊகித்து, குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாரம் இறக்கினார். 1971 அக்டோபரில் அச்சாரம் எலிகளின் உடலிலிருந்த மலேரியாக் கிருமிகளை அறவே ஒழித்தது. மறு ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்குமுன், அம்மையாரும் அவருடைய சகாக்களும் தாமே அதை உட்கொண்டு அபாயமின்மையைச் சோதித்தனர்; அவ்வாண்டிலேயே ஆர்டிமிசினின் என்னும் மூலப்பொருளும் தனித்துப் பிரிக்கப்பட்டது. 2015-இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

மருந்து கிடைத்தது, எனினும் செடியின் விளைச்சலும் விலையும் ஆண்டுக்காண்டு ஏறி இறங்கின. இக்குறையைப் போக்க, 2004 டிசம்பரில் கேட்ஸ் அறக்கட்டளை அளித்த 4.26 கோடி டாலர் துணையுடன், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜே கீஸ்லிங்கும், எமரிவில்லில் இயங்கிய அமிரிஸ் நிறுவனமும், செடியின் மரபணுக்களை ஈஸ்டில் புகுத்தி, ஆர்டிமிசினினுக்கு முந்தைய நிலையான அமிலத்தை உண்டாக்க முற்பட்டனர். 2006-இல் லிட்டருக்கு 100 மில்லிகிராமாக இருந்த விளைவு, 2013-இல் 25 கிராமாக உயர்ந்தது. ஆயினும் வயலில் விளையும் இலையின் மலிவோடு அது போட்டியிட இயலாமையால், இன்றும் குடியானவன் பயிரே உலகின் பெருந்தேவையை நிறைவேற்றுகிறது.

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஹனோவரில் அமெரிக்கத் தலைமையகம் கொண்ட நோவார்டிஸ் நிறுவனத்தின், ஆர்டிமிசினின் வழிவந்த மருந்தைக் கொண்ட கோஆர்ட்டெம் மாத்திரைக்கு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009 ஏப்ரலில் அனுமதி வழங்கிற்று. கடுமையான மலேரியாவுக்கு இரத்தக் குழாயின் வழியே செலுத்தும், அதே வழிவந்த ஆர்ட்டிசுனேட் 2020 மே மாதம் அனுமதி பெற்றது. 2023-இல் டெக்ஸாஸில் ஒருவருக்கும் புளோரிடாவில் சிலருக்கும் வெளிநாடு செல்லாமலே மலேரியா கண்டபோது, 20 ஆண்டுகளாக உள்ளூரில் தொற்றாதிருந்த அந்நோய்க்கு மருந்து ஆயத்தமாக இருந்தது. ஆனால் அதே சிங்ஹாவ் செடியின் இலைக் கஷாயத்தையோ தேநீரையோ மலேரியாவுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஆதரிக்க மறுத்துவிட்டது. அளவு நிச்சயமில்லாத மருந்து நோயைத் தீர்க்காது விடுவதோடு, கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வளரவும் இடங்கொடுக்கும் என்பதே காரணம்.

இவ்வளவையும் நம் நிலவேம்புக் குடிநீருக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்னும் ஒன்பது சரக்குகளால் ஆன இச்சித்த ஔஷதம், 2012-இல் டெங்கு பரவிய காலந்தொட்டுத் தமிழக அரசாங்கத்தால் ஊர்தோறும் விநியோகிக்கப்பட்டதால் பிரசித்தி பெற்றது. அமெரிக்காவிலோ நிலவேம்பு, 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பலன் இன்னதென்று முன்கூட்டி மெய்ப்பிக்க வேண்டாத உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகிறது. சளி, இருமல், தொண்டை வலி ஆகியவற்றை நிலவேம்பு ஓரளவு தணிக்கிறது என்று பல பரிசோதனைகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு கூறினும், அப்பரிசோதனைகளில் பலவும் தரத்தில் குறைந்தவை என்பதையும் அதுவே எடுத்துரைக்கிறது. டெங்குவுக்கு மருந்தாக அதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றதில்லை.

சிங்ஹாவை மருந்தாக்கியது அதன் தொன்மை மட்டுமன்று. தொன்மை வழிகாட்டிற்று, பரிசோதனை அளவையும் எல்லையையும் வகுத்தது. நம் நிலவேம்புக்கும் அத்தகைய பரீட்சையே உண்மையான மரியாதையாகும்; சாஸ்திரமும் செல்வமும் ஒருங்கே வாய்த்த அமெரிக்கத் தமிழர் அதற்குத் துணைநிற்றல் கடமை. அதுவரையில், தாயகம் சென்று திரும்பியபின் ஜுரம் கண்டவர்கள் கஷாயத்தை நம்பிக் காலம் தாழ்த்தாமல், அன்றைக்கே மருத்துவரிடம் பயண விவரத்தைச் சொல்லி, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.