போர்த் திரைப்படங்களில் எது உண்மை? பார்க்கவேண்டிய நான்கு படங்கள்

போர்ப் படம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது தாங்கிகளும் துப்பாக்கிகளும்தான். எந்தச் சீருடை சரி, எந்தத் துப்பாக்கி அந்தக் காலத்துக்குரியது என்று ஆராய்வோரும் உண்டு. போருக்குள் வாழ்ந்த எங்களுடைய அளவுகோல் வேறு. சத்தம் எப்படிக் கேட்டது, சோறு எங்கிருந்து வந்தது, திரும்பி வராதவருக்காக வீடு எப்படிக் காத்திருந்தது என்பவற்றை வைத்தே ஒரு படம் உண்மையானதா என்று நான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடித்த நான்கு படங்கள் இவை.

வந்து பார் (1985)

சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவின் படம். 1943இல் ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த பெலாரூஸில் கெரில்லாக்களுடன் சேரும் ஃபிளியோரா என்ற சிறுவனின் கதை. கிளிமோவுடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய அலெஸ் அடமோவிச், பதின்ம வயதில் அதே மண்ணில் கெரில்லாவாக இருந்தவர். குண்டுகள் விழுந்ததும் சிறுவனின் காது அடைத்துப்போகிறது. அதன்பின் நாங்களும் அவனுடைய காதால்தான் கேட்கிறோம். ஓர் இரைச்சலும், எங்கோ தூரத்தில் யாரோ பேசுவது போன்ற முனகலும் மட்டுமே. அருகில் ஷெல் விழுந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேவு விமானம் ஒன்று திரும்பத் திரும்பத் தலைக்கு மேலே வருகிறது. வன்னியில் 'வண்டு' என்று எங்கள் சனம் சொன்ன விமானமும் அப்படித்தான். அது சுற்றினால் அடுத்து என்ன வரும் என்பதுதான் பயம். மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட பெலாரூஸ் கிராமங்கள் 628 என்ற கணக்கைப் படம் முடிவில் எழுத்தில் காட்டுகிறது.

மின்மினிகளின் கல்லறை (1988)

ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாதாவின் கார்ட்டூன் படம். 1945இல் கோபே நகரில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் சின்னத் தங்கையும் உறவினர் வீட்டில் ஒண்டுகிறார்கள். மூலக்கதையை எழுதிய அகியுகி நொசாகா, பட்டினியில் தன் தங்கையைப் பறிகொடுத்தவர். தகஹாதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா நகர் மீதான குண்டுவீச்சில் தப்பியவர். தாயின் கிமோனோக்கள் அரிசியாக மாறுகின்றன. அரிசி குறையக் குறைய வீட்டுக்காரியின் பேச்சும் மாறுகிறது. தாலிக்கொடியைக் கொடுத்து அரிசி வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். பற்றாக்குறை சொந்தக்காரரையே எப்படிக் கடுமையாக்கும் என்பதும் தெரியும்.

அல்ஜியர்ஸ் சமர் (1966)

இத்தாலிய இயக்குநர் கில்லோ பொன்தேகோர்வோ, பிரான்சுக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரை அது நடந்த தெருக்களிலேயே படமாக்கினார். அல்ஜியர்ஸில் அந்தப் போராட்டத்தை வழிநடத்திய ஸாதி யாசெஃப், தன்னை ஒத்த பாத்திரத்தில் தானே நடித்தார். பார்த்தால் செய்திப்படம் போலிருக்கும், ஆனால் செய்திப்படக் காட்சி ஒன்றுகூட இதில் இல்லை. படம் போராளிகளின் பக்கம் நிற்கிறது. இருந்தும், அவர்கள் உணவகத்தில் குண்டு வைக்கும்போது கமெரா அங்கிருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. ஐஸ்கிரீம் சாப்பிடும் சிறுபிள்ளையும் அதில் உண்டு. எங்கள் பக்கம் செய்ததையும் மறைக்காமல் சொல்வது எங்களுக்கு இன்றும் கடினம். அதனால்தான் இந்தப் படத்தை நம்பமுடிகிறது.

புரஹந்த களுவர (1997)

பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம். இராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று சொல்லி, மூடி முத்திரையிட்ட பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. பார்வையற்ற தந்தை வன்னிஹாமி மகன் இறந்ததாக ஏற்க மறுக்கிறார். நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். கடைசியில் புதைத்த பெட்டியைத் தோண்டித் திறக்கிறார். தந்தையாக நடித்தவர் ஜோ அபேவிக்ரம. 2000ஆம் ஆண்டில் திரையிடத் தடை விதிக்கப்பட்ட இந்தப் படம், உயர் நீதிமன்றம் சென்ற பிறகே மக்கள் பார்வைக்கு வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். மரணச் சான்றிதழும் பணமும் வேண்டாம், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்பதே அவர்களுடைய கேள்வியும். எதிர்ப்பக்கத்து வீட்டிலும் அதே காத்திருப்பு இருந்ததை இந்தப் படத்தில் காணலாம்.

இந்த நான்கையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டாம். குறிப்பாக 'வந்து பார்' படத்தைத் தனியாக இரவில் போடாதீர்கள். பழைய நினைவுகள் கிளம்பி நெஞ்சு படபடத்தால் பாதியில் நிறுத்திவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவது படம் கார்ட்டூன்தானே என்று காட்டிவிடவும் வேண்டாம்.

எங்கள் கதையைப் படமாக்க நினைக்கும் இளையவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஆயுதங்களும் சீருடைகளும் தேடுவதற்கு முன், அங்கே இருந்தவர்களிடம் போங்கள். பங்கருக்குள் என்ன மணந்தது, கஞ்சிக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள், கூட வந்தவரைக் கடைசியாக எந்த இடத்தில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டே கண்மூடிவிட்ட தாய்மாரும் தந்தைமாரும் பலர். மிச்சமிருப்பவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.